காத்திருந்தவள் பெயர்தான் மேலே இருந்தது

போன வாரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் என் பழைய ஆபீசுக்கு, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களோடு பேச வரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். வந்தேன். பேசாமலே திரும்பிப் போனேன். கொடுத்த காபியைக்கூடத் தொடவில்லை. ரிட்டயரான பிறகு இந்தம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று உங்களில் சிலர் நினைத்திருப்பீர்கள். தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காரணத்தைத் தெரிந்துகொண்டு நினையுங்கள். அதற்காகத்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீங்கள் வேலை செய்யும் ஹாலில் சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டியிருக்கிறீர்கள். டேட்டாபேஸ் சர்வரில் பூட்டுக்காக அதிக நேரம் காத்திருக்கும் வேலைகளின், அதாவது நீங்கள் எழுதிய புரோகிராம்களின், பட்டியல் அதில் ஓடுகிறது. ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் அதை எழுதியவர் பெயர். முதலிடத்தில் இருக்கும் பெயருக்கு மட்டும் சிவப்புக் கட்டம். நான் உள்ளே வந்தபோது அந்தக் கட்டத்துக்குள் ஒரு பையன் பெயர் இருந்தது. அவன் டிவிக்கு முதுகைக் காட்டித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "இன்னிக்கி ட்ரீட் உன்னுதுடா மச்சான்" என்று ஒருவன் சொல்ல, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஒருவர் ஒரு கணக்கைத் திருத்திக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அதில் கை வைக்காதபடி சர்வர் போடுவதுதான் பூட்டு. திருத்தி முடித்துச் சேவ் செய்தால் திறந்துகொள்ளும். அதுவரை அந்தக் கணக்கு வேண்டும் என்கிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஹாஸ்டலில் ஒரே ஒரு குளியலறை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பத்துப் பேர் வாளியோடு நிற்கிறார்கள். வரிசையில் முதலில் நிற்கிறவளைப் பிடித்து, உன்னால்தான் இவ்வளவு கூட்டம் என்று திட்டினால் அது நியாயமா? உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருப்பது யார் என்று கதவைத் தட்டிக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்கள் டிவி செய்வது அதைத்தான்.

இதே ஆபீசில், இதே மாதிரி ஒரு பட்டியலை வைத்து ஒரு பெண்ணை வெளியே அனுப்பப் பார்த்தார்கள். அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன். அப்போதைய மேனேஜருக்கு இதில் பெயர் வைக்க மாட்டேன். பெயரைப் போட்டு மானத்தை வாங்குவதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிறேன். ஏழுமலை என்று ஒருவர் வருவார், அது மாற்றிய பெயர். பவித்ராவின் பெயரை மட்டும் மாற்றவில்லை. ஏன் என்று கடைசியில் தெரியும்.

அந்த நாளில் ஒரு மருந்துக் கிடங்கின் சர்வரைக் கவனிக்கும் பொறுப்பு எங்களுடையது. கிடங்கு பூந்தமல்லியைத் தாண்டி, ட்ரங்க் ரோட்டை ஒட்டி. அங்கிருந்துதான் பல ஆஸ்பத்திரிகளுக்கு லோடு போகும். மருந்துக்கு ஏது லீவு. ஆயுத பூஜை அன்றும் மத்தியானம் பூஜையை முடித்துவிட்டுச் சாயங்கால லோடை அனுப்பியாக வேண்டும். அதனால் எங்கள் ஆபீசிலும் இரண்டு பேர் டியூட்டியில் இருந்தோம், நானும் பவித்ராவும்.

பவித்ரா கான்ட்ராக்டில் வந்தவள். சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். திருமுல்லைவாயிலில் பெண்கள் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அந்த மாதத்தோடு கான்ட்ராக்ட் முடிகிறது. நீட்டிப்பார்களா இல்லையா என்று தெரியாது. வேலை இருக்கும்வரைதான் சென்னை, வேலை போனால் அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்து மாப்பிள்ளை வீட்டார் முன் நிற்க வேண்டும் என்பது அவள் வீட்டில் போட்ட கண்டிஷன். அதை அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். கேட்கிற எனக்குத்தான் சிரிப்பு வராது.

பூஜைக்காக மேனேஜரும் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். சர்வர் ரூம் கதவுக்குச் சந்தனம், குங்குமம். வாசலில் பூசணிக்காய் உடைத்தாயிற்று. பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் போன் வந்தது. கிடங்கில் ஒரு பில்கூடப் போட முடியவில்லை, ஸ்க்ரீன் அப்படியே நிற்கிறது, வண்டிகள் கேட்டுக்கு வெளியே நிற்கின்றன.

மேனேஜர் சர்வரின் பட்டியலைத் திறந்தார். கிடங்கின் பில் வேலைகள் எல்லாமே வரிசையில் நின்றன. முதல் ஆளாக நின்றது பவித்ரா எழுதிய வேலை. காலாவதி ஆகப்போகிற மருந்துகளைப் பிரித்து ஒதுக்குவதற்காகத் தினமும் மத்தியானம் ஓடும் வேலை அது. பில்கள் எல்லாம் அதன் பின்னால் நின்றன.

"இவ எழுதின கோடிங்தான். அப்பவே நெனச்சேன்" என்றார் மேனேஜர்.

"சார், அதுவும் வெயிட்தான் பண்ணுது" என்றாள் பவித்ரா. கையில் பொரிப் பொட்டலம்.

"பட்டியல்ல உன் பேருதான மேல இருக்கு? டெஸ்ட் பண்ணாம போட்டுட்டு இப்ப என்ன விளக்கம்?"

அவள் எழுதிய வேலையைச் சர்வரிலிருந்து அவரே வெட்டிவிட்டார். உடனே என்ன நடந்தது தெரியுமா? இரண்டாவதாக நின்ற பில் முதலிடத்துக்கு வந்தது. அது நகரவில்லை. அதன் பின்னால் நின்றவையும் நகரவில்லை. அவளால்தான் கூட்டம் என்றால், அவளை வெளியே தள்ளியதும் கூட்டம் கலைந்திருக்க வேண்டாமா? கண்ணெதிரே நடந்தது. பார்க்க மனசில்லாதவருக்கு அது தெரியவில்லை. "இவ பண்ணின கோளாறு சர்வரையே மாட்டி விட்டுருச்சு. ரீஸ்டார்ட் போடுங்க மேடம்" என்றார் என்னிடம்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். இதே இடம் உங்கள் எல்லோருக்கும் ஒருநாள் வரும். ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் சரியாகிவிடும். பூட்டுகள் எல்லாம் போய்விடும், பில் ஓடும், கஸ்டமர் நன்றி சொல்வார். பூட்டு யார் கையில் இருந்தது என்கிற தடயமும் அதோடு போய்விடும். மிஞ்சுவது மேனேஜர் எடுத்து வைத்த அந்த ஒரு பட்டியலும், மேலே இருக்கும் அவள் பெயரும்தான். அதற்கப்புறம் அவள் கடவுள் மேல் சத்தியம் செய்தாலும் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

அதற்காக ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்தி வைத்துக்கொண்டு விசாரணை நடத்தவும் முடியாது. அப்படி நடத்துகிறவளும் நான் இல்லை. முதலில் கிடங்குக்குப் போன் போட்டேன். ஸ்டோர் கீப்பர் ஏழுமலை எடுத்தார். நசரத்பேட்டைப் பக்கம் ஏதோ பழைய கிராமம் அவருக்கு; நிலம் வைத்திருந்த குடும்பம். கிடங்கு திறந்த நாளிலிருந்து அங்கே இருப்பவர்.

"அவசர மருந்து ஏதாவது நிக்குதா ஏழுமலை?" என்று கேட்டேன்.

"அவசரம்லாம் கைல எய்தி அனுப்ச்சிட்டேம்மா. ஐஸ் பொட்டி ரெண்டும் கெளம்பிப் பூட்ச்சி. மிச்ச லோடுதான் நிக்கிது. டிரைவருங்கோ பொரி துன்னுகினு கீறானுங்கோ."

எனக்கு வேண்டியது அதுதான். உயிர் போகிற அவசரம் இல்லை என்றால் சில நிமிடம் எனக்குச் சொந்தம். கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "பொறுங்க சார்" என்றேன்.

"கஸ்டமர் லைன்ல இருக்கார் மேடம். யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். பொறுங்க."

அவர் எனக்குக் கீழே வேலை செய்தவர் இல்லை, மேலே இருந்தவர். ஆனாலும் கீபோர்டை விடவில்லை.

அந்தப் பட்டியலில் ஒரு வில்லங்கம் உண்டு. அப்போது ஏதாவது செய்துகொண்டிருக்கும் வேலைகளை மட்டும்தான் அது காட்டும். பூட்டைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறவனைக் காட்டாது. சும்மா இருக்கிறவன் சர்வருக்கு என்ன தொந்தரவு தரப் போகிறான் என்று எவனோ ஒரு புத்திசாலி நினைத்து வைத்த ஏற்பாடு. காத்திருக்கிற நேரத்தை அளப்பது எந்தக் கருவிக்கும் சுலபம். யாருக்காகக் காத்திருக்கிறது என்று சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துக்கொண்டு தலைவரைக்கும் போவதுதான் சரியாக அளப்பது. சும்மா இருக்கிறவர்களை மறைக்கும் அந்த வடிகட்டியை எடுத்துவிட்டு, தூங்கிக்கொண்டிருக்கிறவர்களையும் சேர்த்துப் பட்டியல் எடுத்தேன். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் எடுத்தேன், பிறகு இன்னொரு தடவையும். எல்லாவற்றையும் பத்திரப்படுத்தினேன்.

ஒவ்வொரு தடவையும் சங்கிலியின் தலையில் ஒரே ஆள்தான் இருந்தான். கிடங்கு ஆபீசில் இருக்கும் கம்ப்யூட்டர். மத்தியானத்திலிருந்து பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதுவுமே செய்யாமல் இருந்தது. பவித்ராவின் வேலை அது பூட்டிய பிறகு வந்து கதவருகே நின்ற முதல் ஆள், அவ்வளவுதான்.

மறுபடி ஏழுமலையைக் கூப்பிட்டேன். "உங்க கம்ப்யூட்டர்ல இப்ப என்ன தெரியுது?"

"இன்னா தெரியும்? குங்குமந்தான் தெரியிது. பூஜ போட்டு வச்சிகீறோம்."

"ஸ்க்ரீன்ல என்ன தொறந்து இருக்கு?"

"ஸ்டாக் திருத்தம். மொதோ மருந்துல ஒண்ணுன்னு போட்டு வச்சிகீறேன். நாளிக்கி விஜயதசமி, காலீல நல்ல நேரத்துல சேவ் அமுக்கிட்டன்னா கணக்கு ஸ்டார்ட்டு."

"வருஷா வருஷம் இப்படியா?"

"முன்னெல்லாம் நோட்டு வச்சோம்மா. ஒண்ணுன்னு எய்தி, மஞ்சா தடவி வச்சிட்டு மறுநாள் தொறப்போம். இந்த வருசம் நோட்டே கூடாது, அல்லாம் கம்ப்யூட்டர்லதான்னு நீங்கதான சொன்னீங்கோ. அப்பால நான் எத்த வச்சிப் படைக்கிறது?"

அந்த மனிதர் கேட்டதில் என்ன தப்பு? நோட்டைப் பிடுங்கியவர்கள் நாங்கள். நோட்டு இருந்த இடத்தில் அவர் ஸ்க்ரீனை வைத்தார். ஏழுமலை மேல் எனக்குத் துளி கோபம் இல்லை.

"ஏழுமலை, அதை ஒரு கேன்சல் மட்டும் பண்ணிடுங்க."

"பூஜ போட்ட மிஷின நான் தொட மாட்டேன் தாயி. கோச்சிக்காத. நீ அங்கருந்து இன்னா வேணா பண்ணிக்கோ. என் கை படாது, அவ்ளோதான்."

நானே இங்கிருந்து அந்த இணைப்பை மட்டும் வெட்டினேன். அவர் போட்டு வைத்திருந்த ‘ஒன்று’ போயிற்று. வரிசை மொத்தமும் மடமடவென்று ஓடிக் காலியானது. மேனேஜர் வெட்டிய வேலையைப் பவித்ராவே மறுபடி ஓட்டட்டும் என்று திரும்பினால், அவள் நாற்காலியில் இல்லை. பொரிப் பொட்டலம் மட்டும் மேஜை மேல் இருந்தது.

நான் போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மேனேஜர் கஸ்டமருக்கு மெயில் போட்டிருந்தார். காரணம்: கான்ட்ராக்ட் ஊழியர் பவித்ரா சோதிக்காமல் ஓடவிட்ட வேலை. நடவடிக்கை: அவர் நீக்கப்பட்டுவிட்டார். அவளை அனுப்பிய ஏஜென்சிக்கும் அதே மெயிலில் நகல். அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு அவளைக் கீழே அனுப்பிவிட்டார். ஏஜென்சியில் ஒரு தடவை இப்படிப் பெயர் கெட்டால் சென்னையில் வேறு எந்த ஆபீசுக்கும் அவளை அனுப்ப மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு அடுத்த பஸ்.

நான் எடுத்து வைத்த பட்டியல்களை அச்செடுத்து அவர் முன்னால் வைத்தேன். முதலில் நம்பவில்லை. "மாசம் பூரா ஆவரேஜ் எடுத்துப் பாருங்க மேடம், பூட்டுக்காகக் காத்திருக்கிற நேரம் ஒண்ணுமே இல்ல. அப்போ இன்னிக்கு மட்டும் ஏன்? இவளாலதான?" என்றார்.

ஆவரேஜ். இந்த வார்த்தையை யார் சொன்னாலும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறும். நொடியில் முடிகிற ஆயிரமாயிரம் வேலைகளோடு, மத்தியானம் பூராவும் தொங்கிக்கொண்டிருந்த இந்தச் சில வேலைகளைக் கலந்து வகுத்தால் ஒன்றுமே இல்லை என்றுதான் வரும். ட்ரங்க் ரோட்டில் நின்ற டிரைவரிடம் போய் ஆவரேஜ் சொல்லிப் பாருங்கள்.

நான் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். பூட்டு எப்போது விழுந்தது, எந்த ஸ்க்ரீனில் விழுந்தது என்று அதில் இருந்தது. திருத்தப் போகிறேன் என்று ஸ்டாக் ஸ்க்ரீனைத் திறந்த நிமிடமே கிடங்கின் மொத்தக் கணக்கையும் பூட்டிவிடுகிற மாதிரி அந்த ஸ்க்ரீன் செய்யப்பட்டிருந்தது. சேவ் அமுக்கும்போது போட வேண்டிய பூட்டு அது. மனிதர் யோசிக்கிற நேரமெல்லாம் பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது என்று டிசைன் செய்யும்போதே நான் சொன்னேன். "யாரு மேடம் ஸ்க்ரீனைத் தொறந்து போட்டுட்டுப் போகப் போறாங்க?" என்று கேட்டு அதை அப்படியே விட்டவர் இந்த மேனேஜர்தான். அது அவருடைய டிசைன்.

அவர் முகம் மாறியது. கொஞ்ச நேரம் வேட்டி நுனியை நோண்டிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சரி மேடம். ரிப்போர்ட்ல யார் பேரும் வேணாம். சிஸ்டம் பிரச்சனைன்னு பொதுவாப் போட்டுடலாம்."

என் வேலைக் காலம் முழுவதிலும் அன்றைக்கு வந்த மாதிரி கோபம் எனக்கு வந்ததில்லை. "கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி பேரு இருந்துச்சே சார்?" என்றேன்.

"அது வேற."

"எப்படி வேற? அவ பண்ணினான்னு நெனச்சப்போ அவ பேரு, ஊரு, ஏஜென்சி எல்லாம் போட்டீங்க. நீங்க பண்ணினதுன்னு தெரிஞ்சதும் சிஸ்டம் ஆயிடுச்சா?"

அவர் மெயிலை மூடப் போனார். நான் மூட விடவில்லை.

"உங்க பேரைப் போடச் சொல்லல. அந்தக் கேவலம் எனக்கு வேணாம். ஆனா அதே மெயில் மேலயே, அதே ஆளுங்க அத்தனை பேருக்கும், உங்க கையால பதில் போடுங்க. பவித்ராவோட வேலை காரணம் இல்ல, அது காத்துக்கிட்டுதான் இருந்துச்சுன்னு எழுதுங்க. இல்லேன்னா இந்தப் பக்கங்களை வச்சு நானே போடறேன். நான் போட்டா எல்லாத்தையும் போடுவேன்."

போட்டார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமுக்கினார், ஆனாலும் போட்டார். அவர் அனுப்பி முடிக்கும்வரை பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். கேட்டுக்கு வெளியே, உடைந்த பூசணிக்காய் கிடக்கிற ரோட்டோரத்தில் பையை அணைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். ஊருக்குப் போன் போடலாமா வேண்டாமா என்று போனைக் கையில் வைத்திருந்தாள். அட்டையை அவள் கழுத்தில் நானே மாட்டினேன். அழுதுவிட்டாள். "அழறதுக்கு இது நேரம் இல்ல, உன் வேலையை மறுபடி ஓட்டணும், மேல வா" என்று அதட்டினேன். என் கோபம் அப்போதும் இறங்கியிருக்கவில்லை.

கான்ட்ராக்ட் நீண்டது. ஸ்க்ரீனைச் சரிசெய்ததும் அவள்தான். அடுத்த வருஷத்திலிருந்து ஏழுமலை இஷ்டம்போல் ஒன்று போட்டுப் படைக்கலாம், ஒரு பில்லும் நிற்காது. பிறகு அந்த ஆபீசிலேயே நிரந்தரமானாள். நான் ரிட்டயராகும்போது என் இடத்துக்கு வந்தவள் அவள்தான்.

இப்போது புரிகிறதா? உங்கள் தலைவி பவித்ராதான் இந்தப் பவித்ரா. சுவரில் அந்த டிவியை மாட்டச் சொன்னவளும் அவளேதான். போன வாரம் ஹாலில் நின்று, இதை வைத்தது யார் என்று நான் கேட்டதும் அவள்தான் முன்னால் வந்தாள். "யாரும் எதுவும் மாத்தலேன்னா டூல் டிஃபால்ட்டா அப்படித்தான் காட்டுது மேடம்" என்றாள். அந்த நிமிடம்தான் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்கு அவருக்குச் சிஸ்டம். இன்றைக்கு இவளுக்கு டிஃபால்ட். அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரோட்டில் நின்றவளே இதைச் சொன்னால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

கேட்வரை பின்னாலேயே வந்தாள். "கழட்டிடறேன் மேடம்" என்றாள். "டிவியைக் கழட்டாதே. பேரை எடு. பூட்டை வச்சிருக்கறது எந்த வேலைன்னு தலையிலிருந்து காட்டு. அந்தப் பையனோட வேலை காத்துக்கிட்டுதான் இருந்துச்சான்னு பாத்து அவன்கிட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். சாயங்காலம் போன் செய்தாள். பார்த்தாளாம். அவன் வேலை காத்துக்கொண்டுதான் இருந்ததாம். அவனிடம் சொல்லிவிட்டாளாம்.

"எல்லார் முன்னாடியுமா?" என்றேன்.

"தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன் மேடம்" என்றாள்.

"சிவப்புக் கட்டம் எல்லார் முன்னாடியும்தான போட்டிருந்த" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அவள் பெயரை மாற்றி எழுதி, இதை உங்களுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டு அவளுக்கே முதலில் அனுப்பினேன். இரண்டு நாள் சத்தம் இல்லை. கோபித்துக்கொண்டாள், போகட்டும் என்று இருந்தேன். நேற்று மத்தியானம் கூப்பிட்டாள்.

"படிச்சேன் மேடம். வேற பேரு எதுக்கு? டிவியை வச்சது நான்தான். என் பேரையே போடுங்க. ஹால்ல எல்லாரையும் உக்கார வச்சு, அந்தப் பையனையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, நானே படிச்சுக் காட்டறேன்."

போட்டிருக்கிறேன்.